46 பேர், 24 கணினிகள்: எத்தனை சிஏஎல் வாங்குவது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இரண்டு ஷிப்டுகளில் 46 பேர் வேலை செய்கிறார்கள், கணினிகள் 24. விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்டுக்கு மாறுகிறோம். 2016 சர்வருக்கு வாங்கிய 30 யூசர் சிஏஎல் (கிளையன்ட் அக்சஸ் லைசென்ஸ், அதாவது சர்வரைப் பயன்படுத்துவதற்கான உரிமம்) கையில் இருக்கின்றன. 8 பேர் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை பார்ப்பார்கள். இன்னும் 16 வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. பழைய 30-ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிளையன்ட் அக்சஸ் லைசென்ஸ் சர்வரின் பதிப்பாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். 2025 சிஏஎல் இருந்தால் 2022 சர்வருக்குச் செல்லும், 2016 செல்லாது. 2022 வெளியானபோது அந்த சிஏஎல்லுக்கு சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (புதிய பதிப்புக்கும் உரிமை தரும் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம்) நடப்பில் இருந்திருந்தால் மட்டும் விலக்கு.

46 யூசர் சிஏஎல்லும் தேவையில்லை. யூசர் சிஏஎல் ஆளோடு போகும். அவர் எத்தனை கருவிகளில் நுழைந்தாலும் ஒன்றே போதும். டிவைஸ் சிஏஎல் கருவியோடு நிற்கும். அதில் எத்தனை பேர் மாறி மாறி உட்கார்ந்தாலும் சரி. இரண்டையும் கலந்து வாங்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் 8 பேருக்கு யூசர், அலுவலகக் கணினிகளுக்கு 24 டிவைஸ், ஆக 32. சர்வரிடம் ஐபி முகவரி வாங்கும் அல்லது ஸ்கேன் செய்ததை சர்வர் ஃபோல்டரில் போடும் பிரிண்டர்களுக்கும் ஒவ்வொரு டிவைஸ் சிஏஎல் சேருங்கள். பலரும் விடுவது இதைத்தான். மீதி 38 பேரில் யாராவது சொந்த மொபைலில் சர்வரைத் தொட்டால், அவருக்கு யூசர் சிஏஎல் வேண்டும். சர்வர்கள் இரண்டோ மூன்றோ ஆனாலும் இதே எண்ணிக்கைதான். சிஏஎல் சர்வருக்கு ஒன்று என்று கணக்கிடுவதில்லை.

இந்த சிஏஎல்லை சர்வரில் பதிவதற்குச் சாவி எதுவும் இல்லை. குறைந்தாலும் சர்வர் யாரையும் தடுக்காது. தணிக்கையில்தான் மாட்டும். ஆகவே யாருக்கு, எந்தக் கருவிக்கு என்று ஒரு பட்டியலும் பில்லும் வைத்திருங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் விஷயம் வேறு. அந்த 8 பேருக்கும் மேற்சொன்னதோடு கூடுதலாக 8 ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) சிஏஎல் வேண்டும். இதைக் கணினியே எண்ணும். ஆர்டிஎஸ் ரோலை நிறுவினால் 120 நாள் சலுகை கிடைக்கும். எல்லாம் ஓடுகிறதே என்று விட்டுவிட்டால் அது முடிந்ததும் இணைப்பு மறுக்கப்படும். இந்த சிஏஎல்களை வழங்கும் லைசென்ஸ் சர்வரை நிறுவி ஆக்டிவேட் செய்து, சிஏஎல்லை ஏற்றிய பிறகு, செஷன் ஹோஸ்டின் (ஊழியர்கள் ரிமோட்டில் நுழையும் சர்வரின்) குரூப் பாலிசி அமைப்பில் லைசென்ஸ் சர்வரின் பெயர், லைசென்சிங் மோடு இரண்டையும் குறிப்பிடுங்கள். வாங்கியது யூசர், மோடு டிவைஸ் என்றிருந்தால் லைசென்ஸ் இருந்தும் கிடைக்காது. ஆர்டி லைசென்சிங் டயக்னோசரில் இது தெரியும். டொமைன் (எல்லோருடைய கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாமல் ஒர்க்குரூப்பில் ஓட்டினால் பெர்-யூசர் எடுக்காதீர்கள்: 60 நிமிடத்தில் செஷன் அறுந்துவிடும். நிர்வாகப் பணிக்கான இரண்டு ரிமோட் செஷன்களுக்கு மட்டும் ஆர்டிஎஸ் சிஏஎல் வேண்டாம். அதை ஊழியர்களுக்குப் பங்குபோடக் கூடாது.

உங்கள் கணக்கு மென்பொருளுக்குப் பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்டு என்ற தரவுத்தள மென்பொருள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கோர் (பிராசசர் கோர்களின் எண்ணிக்கை) கணக்கில் வாங்காவிட்டால் அதற்கும் தனி சிஏஎல் உண்டு. எல்லோரும் ஒரே லாகின் வழியாகத் தரவுத்தளத்தைத் தொட்டாலும், முனையில் இருக்கும் ஆட்களை அல்லது கருவிகளைத்தான் எண்ணுவார்கள்.