காதுகுத்துப் படத்தில் நாய்க் காது: நீக்க முடியுமா?

கேள்வி: என் மகளின் காதுகுத்துப் படங்களைக் கொழுந்தனார் ஸ்நாப்சாட்டில் எடுத்துவிட்டார். பாதிப் படங்களில் குழந்தைக்கு நாய்க் காதும் மூக்கும். மீதியில் எல்லோரும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கிறோம். ஆல்பம் போட வேண்டும். ஃபில்டரை நீக்கித் தருவதாக வாட்ஸப்பில் ஒருவர் 1,500 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். படங்களையும் அனுப்பாதீர்கள்.

காதுகுத்துப் படத்தில் காதே தெரியவில்லை என்பது கொடுமைதான். ஆனால் கேலரியில் ஜேபெக் கோப்பாக இறங்கிய படத்தில் ஃபில்டர் தனியாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. நாய்க் காது இருக்கும் இடத்தில் குழந்தையின் காது பதிவாகவே இல்லை. அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுத்துத் தருகிறேன் என்கிறார் அந்த ஆள், அவ்வளவுதான்.

‘ஏஐ செய்யுமே’ என்பார். ஏஐ நீக்குவதில்லை, வரைகிறது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்ட, மங்கலான முகத்தைத் தெளிவாக்கும் பல்ஸ் என்ற மென்பொருளிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தார்கள். அது ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் தீட்டித் தந்தது. உங்கள் மகளுக்கும் அழகாக ஒரு காது வரும். யாருடைய காதோ!

இதைவிட மோசமான கூட்டம் ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரில், உடலை மறைத்துக் காட்டும் டிக்டாக் ஃபில்டர் ஒன்று உலகமெங்கும் ஓடியது. அதை நீக்கிக் காட்டும் மென்பொருள் என்று ஆசை காட்டி ஆட்களை டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியின் குழுவில் சேர்த்து, கடவுச்சொல், கார்டு விவரம் எல்லாவற்றையும் உருவும் நிரலை இறக்க வைத்தார்கள். செக்மார்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதை அம்பலப்படுத்தியது. ‘ஃபில்டர் ரிமூவர்’ என்று எதைப் பார்த்தாலும் இது ஞாபகம் வரட்டும். ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி நிறுவச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, ஒரே ஒரு வழி உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஸ்நாப்சாட்டில் இரண்டு வகை அலங்காரம். படம் எடுப்பதற்கு முன்பே முகத்தோடு சேர்ந்து அசைவது லென்ஸ். நாய்க் காது அந்த வகை. எடுத்த பிறகு விரலால் தள்ளித் தள்ளிப் போடுவது ஃபில்டர். நிறம், ஊர்ப்பெயர், நேரம் எல்லாம் இதில் வரும். கொழுந்தனார் படங்களைச் செயலிக்குள்ளேயே ‘மெமரீஸ்’ பகுதியில் சேமித்திருந்தால், இரண்டாவது வகையை இன்றைக்கும் கழற்றலாம். அவருடைய போனில், அவருடைய கணக்கில், மெமரீஸில் அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து ‘எடிட்’ கொடுத்து, ஃபில்டரைத் தள்ளிவிட்டு, புதுப் பிரதியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். பழையதன் மேலேயே சேமிக்க வேண்டாம். உங்களுக்கு வாட்ஸப்பில் வந்த படத்தில் இது நடக்காது. அவர் கேலரியில் மட்டும் சேமித்திருந்தாலும் நடக்காது. வெளுப்பு லென்ஸால் வந்தது என்றாலும் நடக்காது. இத்தனையும் தாண்டினால் வேலை ஆகும்.

அசல் ஒன்றைத் தனியாக எடுத்துவைக்க இந்தச் செயலிகளுக்கு எவ்வளவு இடம் பிடித்துவிடும்? கேட்க ஆளில்லை. இதில் சில போன்களின் சொந்த கேமராவே நம்மைக் கேட்காமல் முகத்தை வெளுப்பாக்கும். ‘பியூட்டி’ அமைப்பைத் தேடி அணைப்பது நம் தலையெழுத்து.

கழற்ற முடியாத வெளுப்பை ஊரில் உள்ள ஸ்டூடியோவில் ஓரளவு சரி செய்யலாம். நிறத்தை இறக்கித் தருவார்கள். வழித்தெடுத்த தோலின் நுணுக்கம் திரும்பாது. நேரில் உட்கார்ந்து பார்த்து, வேலை முடிந்த பிறகு காசு கொடுங்கள்.

நாய்க் காதுப் படங்களுக்கு ஆல்பத்தில் இடம் வேண்டாம். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தபோது கொழுந்தனார் மட்டுமா போனைத் தூக்கியிருப்பார்? சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் கேளுங்கள். வாட்ஸப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். முன்பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.