கண்ணாடியை மாட்டும் முன்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

தொழிற்பயிற்சிக்கான வி.ஆர்., ஏ.ஆர். காட்சிகளை வடிவமைப்பவர் இந்த இதழில் பதில் சொல்கிறார். வி.ஆர். என்பது தலையில் மாட்டும் கருவி (ஹெட்செட்) வழியாகக் கணினி உருவாக்கிய உலகத்துக்குள் இருப்பதுபோல் காட்டுவது. ஏ.ஆர். என்பது கண்முன் இருக்கும் நிஜக் காட்சியின்மேலேயே கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டுவது.

கேள்வி: ஆலை ஒன்றில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களின் பயிற்சிக்கு வி.ஆர். ஹெட்செட் வாங்கலாம் என்கிறது நிர்வாகம். வீடியோ போட்டுக் காட்டினால் போதாதா?

பல வேலைகளுக்கு வீடியோவே போதும். யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த வேலையில் ஒருவர் தவறு செய்தால் என்ன ஆகும்? ஒரு பொருள் வீணாகும் என்றால், நிஜப் பொருளை வைத்தே பழகட்டும். ஆள் சாகலாம் என்றால், அங்கே வி.ஆருக்கு வேலை இருக்கிறது.

மின் பேனலைத் திறப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பைத் துண்டிக்க வேண்டும், பூட்டுப் போட வேண்டும், எச்சரிக்கைச் சீட்டை மாட்ட வேண்டும், மின்சாரம் இல்லை என்று மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும். அப்புறம்தான் கை வைக்கலாம். இந்த வரிசையை ஒப்பிப்பவர்கூட, அவசரத்தில் சோதிக்கும் படியைத் தாண்டிவிடுவார். வீடியோ பார்க்கும்போது அது வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. வி.ஆரில் உடனே தெரிந்துவிடும். யார் எங்கே தயங்கினார், எந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை என்பதெல்லாம் பதிவாகிறது. பயிற்றுநருக்கு நான் செய்து தரும் காட்சிகளில் மிக மதிப்புள்ளது இந்தப் பதிவுதான். வெடிப்பு, தீ, அலறல் எல்லாம் வைக்கச் சொல்லிக் கேட்பார்கள், அளவோடுதான் வைப்பேன். பயந்தவர் அந்தப் பயத்தை நினைவில் வைத்துக்கொள்வார், வரிசையை மறந்துவிடுவார்.

தவறின் விலை அதிகமான துறைகள்தான் இந்த வழிக்கு முதலில் வந்தன. விமானிகளுக்காக எட்வின் லிங்க் தரையிலேயே நிற்கும் பயிற்சி இயந்திரத்தை 1929இல் உருவாக்கினார். 1993இல் ஹபிள் தொலைநோக்கியை விண்வெளியில் பழுதுபார்ப்பதற்கு முன், நாசா தன் தரைக் கட்டுப்பாட்டுக் குழுவினருக்கு வி.ஆரில் பயிற்சி கொடுத்தது. அறுவை சிகிச்சையில் 2002இல் வெளியான ஓர் ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். 16 பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேர் சிமுலேட்டரில், அதாவது நிஜ வேலையைப் போலவே செய்து பழகும் கருவியில், பழகினார்கள். பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை அவர்கள் 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தவறான திசுவைச் சுடவோ 5 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த சிமுலேட்டர் தலையில் மாட்டும் கருவி அல்ல, கணினித் திரையோடு இணைந்த கைப்பிடிகள். சரியான அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்ததில்தான் பலன் வந்தது.

ஆகவே உங்கள் நிர்வாகத்திடம் ஒரு வரம்பையும் சொல்லிவிடுங்கள். வி.ஆர். கைப்பிடிக்கு எடை தெரியாது. ஒரு போல்ட் போதுமான அளவு இறுகிவிட்டதை ஸ்பேனர் பிடித்த கை உணருமே, அதை இதில் கற்றுத்தர முடியாது. வரிசை, கவனம், முடிவெடுத்தல் ஆகியவற்றை ஹெட்செட்டில் பழக்குங்கள். இறுக்குவதை நிஜ போல்ட்டில் பழக்குங்கள்.

கேள்வி: வி.ஆர். மாட்டினால் ஐந்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பல்லைக் கடித்துக்கொண்டு பழகாதீர்கள். காட்சியில் நீங்கள் ஓடுகிறீர்கள், உடல் நாற்காலியில் இருக்கிறது. நகர்கிறோம் என்கிறது கண். இல்லை என்கிறது உள்காது. அந்த முரண்பாடுதான் குமட்டல். பெரும்பாலும் இது காட்சியை வடிவமைத்தவரின் பொறுப்பு. பார்ப்பவர் நகராதபோது காட்சியை நகர்த்தக் கூடாது என்பதை என் குழுவில் சட்டமாகவே வைத்திருக்கிறேன். தலை திரும்பிய 20 மில்லி விநாடிக்குள் படமும் திரும்பிவிட வேண்டும். தாமதமானால் உடல் கண்டுபிடித்துவிடும்.

உங்கள் பக்கம் பார்க்க வேண்டியது லென்ஸ் இடைவெளி. பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். கருவியில் அதற்கான அமைப்பு இருந்தால் உங்கள் அளவுக்கு மாற்றுங்கள். நின்ற இடத்திலிருந்தே செய்யும் காட்சிகளில் தொடங்குங்கள். குமட்டலின் முதல் அறிகுறியிலேயே கழற்றிவிடுங்கள், தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

கேள்வி: தீக்காயப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கட்டு மாற்றும்போது நோயாளிகள் படும் வேதனையைப் பார்க்க முடியவில்லை. வி.ஆர். உதவும் என்று படித்தேன். நம்பலாமா சகோதரி?

நம்பலாம் சகோதரி. இந்தத் துறையில் என் மனதுக்கு மிக நெருக்கமான வேலை இதுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் 1990களில் இதைத் தொடங்கினார்கள். தீக்காய நோயாளிகளுக்காகவே ஒரு பனி உலகம் உருவானது. பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிமனிதர்கள்மீதும் பென்குவின்கள்மீதும் பனி உருண்டை வீச வேண்டும், அவ்வளவுதான். வலியை உணரவும் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தின் பெரும்பகுதி பனிக்குள் போய்விட்டால் வலிக்கு மிஞ்சுவது குறைவு. பயன்படுத்தியவர்கள் வலி கணிசமாகக் குறைந்ததாகவே சொன்னார்கள்.

ஆனால் இது வலி மருந்தோடு சேர்த்துத் தருவது, மருந்துக்குப் பதிலாக அல்ல. முகத்தில் காயம் இருப்பவருக்குத் தலையில் மாட்டாமல், ஒரு தாங்கியில் பொருத்திய கண்ணாடியைக் கண்முன் நிறுத்தும் முறையும் உண்டு. ஒருவருக்கு மாட்டியதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும் முன், தொற்றுத் தடுப்புக் குழுவிடம் சுத்தம் செய்யும் முறையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீக்காயப் பிரிவில் இதில் சமரசமே கூடாது.

கேள்வி: நாங்கள் மரச்சாமான் விற்கிறோம். ஏ.ஆர். எங்களுக்குத் தேவையா?

சோபா தன் அறையில் அடங்குமா என்பது வாடிக்கையாளரின் உண்மையான கவலை. அதற்கு போனே போதும். மரச்சாமான் நிறுவனமான ஐகியா, போன் கேமராவில் தெரியும் அறையில் சோபாவை வைத்துப் பார்க்கும் வசதியை 2017இலேயே செய்து காட்டியது. உங்கள் முப்பரிமாண மாதிரி நிஜ அளவோடு சரியாகப் பொருந்தட்டும், நிறம் அப்புறம்.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். கண்ணெதிரே தகவல் காட்டும் கூகுள் கண்ணாடி 2023இல் நின்றுவிட்டது. ஹோலோலென்ஸ் 2 என்ற ஏ.ஆர். ஹெட்செட்டின் தயாரிப்பை 2024இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இந்தத் துறையை நம்பிப் படிக்கலாமா?

படியுங்கள் தம்பி. கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் 1968இல் உருவாக்கிய, தலையில் மாட்டும் முதல் கருவி, கூரையிலிருந்து தொங்கும் தாங்கியோடு இணைந்திருந்தது. அது போய் எத்தனையோ வந்துவிட்டன. விமான நிறுவனமான போயிங்கில் டாம் காடெல், டேவிட் மைசெல் இருவரும் 1990களின் தொடக்கத்தில் ஏ.ஆரை யோசித்ததற்குக் காரணம் விமானத்துக்குள் ஓடும் கம்பிக் கட்டுகள். எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்பதைத் தொழிலாளி பெரிய பலகையையும் தாளையும் மாறி மாறிப் பார்க்காமல், கண்ணெதிரிலேயே காண வேண்டும் என்று நினைத்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பவருக்கு அந்தத் தேவை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எனவே ஒரு கருவிக்கு என்று படிக்காதீர்கள். முப்பரிமாணக் கணிதம், இத்தகைய காட்சிகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி அல்லது அன்ரியல், மனிதர் பார்க்கும் விதம் இவற்றைப் படியுங்கள்.

அதோடு, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பம்பைக் கழற்றி மாட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். அவர் கை எங்கே நிற்கிறது, எப்போது தாளைத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு படியைக் காட்சியாக்கி, முதலில் அவருக்கே மாட்டிவிடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.