நண்டு எண்ணிக்கை நிறைய இருந்தா மரபணு வேறுபாடும் நிறைய இருக்கும்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்க முடியாதுங்க. மரபணு வேறுபாடுன்னா ஒரு கூட்டத்துல நண்டுக்கு நண்டு மரபணு எவ்வளவு மாறுதுங்கிறது. ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குற விஷயம் இல்ல, சில இடத்துல நேரெதிராவே இருக்கும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல எண்ணிக்கையே லேசுப்பட்ட வேலை இல்ல. கடலுக்குள்ள போய் ஒவ்வொண்ணா எண்ண முடியாது, அதனால இரை வச்ச கூடு போட்டு ஒரு ராத்திரி விட்டு, ஒரு கூட்டுக்கு எத்தனை மாட்டுதுன்னு பாக்குறதுதான் வழக்கம். ஆனா எல்லா நண்டும் கூட்டுக்கு வராது. ஓடு கழட்டப் போற நண்டு இரை எடுக்காது, சினை நண்டு பெரும்பாலும் ஒதுங்கியே கெடக்கும், பெரிய ஆண் ஒண்ணு உள்ள உக்காந்திருந்தா சின்னது கிட்டயே வராது. ஆக கூட்டுல முக்கால்வாசி ஆணா மாட்டுச்சுன்னா கடல்லயும் அதே கணக்குன்னு சொல்லிட முடியாது. சரி, அடையாளம் போட்டு விட்டுட்டு மறுபடி எத்தனை மாட்டுதுன்னு பாத்து கணக்கு போடலாமேன்னா, ஓட்டு மேல பெயிண்ட் வச்சா அது கழட்டுற ஓட்டோடயே போயிடும்! அதுக்குன்னே ஓடு பிளக்குற கோட்டுல உள்சதை வரைக்கும் கோர்க்குற டேக் எல்லாம் இருக்கு.

மரபணு பக்கம் வந்தா சாம்பிள் எடுக்குறது ஈஸி. கால் நுனியை கட் பண்ணி எத்தனால்ல போட்டா போதும், நண்டு அது பாட்டுக்கு தண்ணிக்குள்ள போயிடும், ஓடு கழட்டக் கழட்ட கால் திரும்ப வளர்ந்துக்கும். ஒரு இடத்துக்கு 30 நண்டு கிட்ட எடுத்தாலே ஓரளவு படம் தெரியும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். ஒரு கடற்கரையில பல லட்சம் நண்டு இருக்கலாம், ஆனா அதெல்லாம் எத்தனை தாய் தகப்பனோட குஞ்சுங்க? ஒரு பெண் ஐரோப்பிய பச்சை நண்டு ஒரே சினையில 1,85,000 முட்டை வரைக்கும் போடும். முட்டையில இருந்து வர்ற லார்வா, அதாவது குட்டிப் பருவம், 50 நாளுக்கும் மேல நீரோட்டத்துல அலையும், அதுல அனேகமா எல்லாமே செத்துப்போகும், எந்த நண்டோட குஞ்சு நல்ல நீரோட்டத்துல மாட்டி கரை சேருதோ அதோட மரபணுதான் அடுத்த தலைமுறையில நெறைஞ்சு நிக்கும். தலைய எண்ணினா லட்சக்கணக்கு, மரபணு கணக்குல பாத்தா அதுல ரொம்ப சின்ன பங்கு. அதுலயும் ஆரம்பிச்சு வச்சதே கொஞ்சம் நண்டுன்னா கேக்கவே வேணாம்.

இதுக்கு ஐரோப்பிய பச்சை நண்டை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அமெரிக்கா கிழக்குக் கரையில 1817லயே பதிவாயிருக்கு, கப்பல்ல ஒட்டிக்கிட்டு வந்ததுதான். வந்தது கொஞ்சமே, அதனால வேறுபாடு கம்மி. மெதுவா வடக்கே பரவி கனடாவோட ஹாலிஃபாக்ஸ் பக்கம் வந்து ரொம்ப வருஷம் அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் திடீர்னு 1980, 90கள்ல இன்னும் வடக்கே பாய ஆரம்பிச்சப்போ, தண்ணி சூடாகுது அதான் காரணம்னு நெனச்சாங்க, ஆனா மரபணுவைப் பாத்தா அங்க இருந்த நண்டுங்க தெற்குல இருந்து ஏறி வந்ததே இல்ல. ஐரோப்பாவோட வடக்குப் பகுதியில இருந்து தனியா ரெண்டாவது தடவை வந்து இறங்கின, குளிர் தாங்குற வேற கூட்டம். வெறும் தலைய எண்ணிக்கிட்டே இருந்திருந்தா இது கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

அமெரிக்காவோட மேற்குக் கரை கதை இதுக்கு அப்படியே உல்டா. 1989 வாக்குல சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுல தெரிய வந்த கூட்டம், அந்தக் கிழக்குக் கரை நண்டுல இருந்தே பிரிஞ்சு வந்தது, ஏற்கனவே கம்மியா இருந்த வேறுபாடு இன்னும் கம்மியாச்சு. நியாயமா பாத்தா திணறியிருக்கணும். ஆனா 1997-98ல பசிபிக் கடல் சூடான எல் நினோ சமயத்து நீரோட்டத்துல லார்வா வடக்கே போய், கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா வரைக்கும் பிடிச்சு, 2022ல அலாஸ்காவும் போயிடுச்சு. எப்படின்னா, மொத்த வேறுபாடு குறைஞ்சாலும் சூடு குளிர் தாங்குறதோட சம்பந்தப்பட்ட ஒரு மரபணுத் துண்டுல ரெண்டு வடிவமும் தொலையாம கூடவே வந்திருக்கு. அதனால சராசரி வேறுபாடு எவ்வளவுங்கிற ஒரே நம்பரை வச்சு முடிவு சொல்றவங்களை நான் பெருசா நம்புறதில்ல, எது மிஞ்சியிருக்குன்னு பாக்கணும்.

எண்ணிக்கை ஏமாத்துறதுக்கும் இதே நண்டுதான் சாட்சி. கலிஃபோர்னியாவுல சீட்ரிஃப்ட்னு ஒரு சின்ன காயல், அங்க வெளியில இருந்து வந்த இந்த நண்டை ஒழிக்கணும்னு பல வருஷம் கூடு போட்டுப் பிடிச்சு சுமார் 1,25,000 நண்டை 10,000க்கும் கீழ கொண்டு வந்துட்டாங்க. அடுத்த வருஷமே, அதாவது 2014ல, 3,00,000 கிட்ட வந்து நின்னுச்சு! பெரிய நண்டுங்கதான் அதுவரைக்கும் குஞ்சுகளைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு, பெருசை எல்லாம் எடுத்தவுடனே குஞ்சு மொத்தமும் பொழைச்சுக்கிச்சு. அப்புறம்தான் முழுசா ஒழிக்கிறதை விட்டுட்டு, ஒரு அளவுக்கு மேல ஏறாம பாத்துக்கிட்டா போதும்னு திட்டத்தையே மாத்தினாங்க.