பழைய ஸ்பிட்ஃபயர் காரின் பாடியை வெட்டிவிட்டு வண்டியையும் தர மறுக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜரிடம் என் தாத்தா வாங்கிய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2 கார் எங்களிடம் இருக்கிறது. 1967-ல் பதிவான வண்டி. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான். போன வருடம் சேலத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டேன். ஃபைபர் பானட், நான்கு சக்கரத்துக்கும் மேலே அகலமான ஆர்ச், துரு எடுத்துப் பெயிண்ட் என எல்லாம் சேர்த்து 3,20,000 ரூபாய் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். 2,80,000 கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு முன்னால் போய்ப் பார்த்தால், கதவுக்குக் கீழே இருக்கும் சில் இரண்டு பக்கமும் வெட்டி எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் சதுரப் பைப் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். கதவு இரண்டும் சரியாக மூடவில்லை. இதை நான் செய்யச் சொல்லவே இல்லை. கேட்டால் "துரு அரிச்சுப் போச்சு, இதுதான் ஸ்ட்ராங்" என்கிறார்கள். கூடுதலாக 1,60,000 கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் வண்டி கிடையாதாம். கழற்றிய பழைய இரும்புப் பானட் எங்கே என்றால் பதில் இல்லை. நண்பர்களோடு போய் லாரியில் ஏற்றி வந்துவிடலாமா? விண்டேஜ் நம்பர் கிடைக்குமா? வெள்ளை வண்டியைப் பச்சையாக மாற்றினால் தப்பா? ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப் பாதையில் ஓட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பதில்: முதலில் லாரி விஷயம். வேண்டாம், தம்பி. உங்கள் பொருளை நீங்களே எடுத்தால் எப்படித் திருட்டாகும் என்று தோன்றும். ஆனால் திருட்டு என்றால் என்ன என்று விளக்கச் சட்டமே ஒரு உதாரணம் சொல்கிறது. கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தவர் கூலி பாக்கி வைத்திருக்கிறார். பழுது பார்த்தவர் அந்தப் பாக்கிக்காகக் கடிகாரத்தை முறைப்படி பிடித்து வைத்திருக்கிறார். உடையவர் அதைப் பறித்துக்கொண்டு போனால் அது திருட்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த உதாரணம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவிலும் இருக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது, நீங்களாகப் போய்க் குற்றவாளிக் கூண்டில் ஏறக் கூடாது.

சரி, பட்டறைக்காரர் பிடித்து வைப்பது முறையா? 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, உழைப்போ திறமையோ செலவிட்டு வேலை செய்தவர் கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அந்த வேலை, பொருளை எதற்காக ஒப்படைத்தோமோ அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நீங்கள் துரு எடுக்கக் கொடுத்தீர்கள். சில்லை அறுத்துப் பைப் வைக்கக் கொடுக்கவில்லை. ஆகவே கூடுதல் 1,60,000-க்காக வண்டியைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை என்று உறுதியாக வாதிடலாம். ஒப்புக்கொண்ட தொகையில் மிச்சமுள்ள 40,000-த்துக்கு மட்டும் அவர் ஏதாவது பேச முடியும். அதையும் கேட்க வழியில்லாமல் செய்ய, "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையுடன் இந்தத் தொகையைத் தரத் தயார்" என்று நீங்கள் அனுப்பப்போகும் வக்கீல் நோட்டீஸிலேயே எழுதிவிடலாம். அதன் பிறகும் தர மறுத்தால் அவர் நிலை மிகவும் பலவீனமாகிவிடும்.

இப்போது சில்லுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். நம் ஊர்ப் பெரிய மேஸ்திரிகளுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நன்றாகத் தெரியும். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி, அதன் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. ஸ்பிட்ஃபயரும் அதே குடும்பம்தான். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. பானட்டைத் திறந்து பார்த்தால் சொந்தக்கார வண்டி என்று உடனே தெரியும். ஆனால் அடியில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஹெரால்டின் சேசிஸில், அதாவது பாடி உட்காரும் அடிச்சட்டத்தில், இரண்டு பக்கமும் கைகள் நீண்டு வந்து பாடியைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கக் கைகளை எடுத்துவிட்டு நடுமுதுகெலும்பு போன்ற சேசிஸை மட்டும் வைத்தார்கள். பக்கவாட்டு பலம் முழுவதும் சில்லில்தான் இருக்கிறது. பின் சக்கரங்கள் முன்பின் நகராமல் பிடிக்கும் ராடுகளின் ஒரு முனைகூட பாடியில்தான் பூட்டப்பட்டிருக்கும். மேலே கூரையும் இல்லாத வண்டி. சில்லை வெட்டும்போது உள்ளே முட்டுக் கொடுக்காவிட்டால் நடுவில் தொய்ந்துவிடும். கதவு மூடாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். ஹெரால்டு நினைப்பில் கை வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வஞ்சகம் இல்லாமல் செய்திருந்தாலும் சட்டத்தில் அது சேவைக் குறைபாடுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 52-வது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. அடிப்படை அம்சத்தையே மாற்றும்படி கட்டமைப்பில் கை வைப்பதுதான் அந்தப் பிரிவு சொல்லும் மாற்றம். கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ம் தேதி இதை உறுதி செய்தது. தயாரிப்பாளரின் அளவுகளை மீறிக் கட்டமைப்பை மாற்றக் கூடாது, நிறம் மாற்றுவது, சின்னச் சின்னப் பொருத்தல்கள் இதில் வராது என்பது அதன் சாரம். அதே வருடம் சட்டத் திருத்தத்தில் 182-ஏ பிரிவு வந்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த உட்பிரிவு சொல்வது உரிமையாளரை. வெட்டியது பட்டறை, கேள்வி வருவது உங்களுக்கு. அதனால்தான் "சில்லை வெட்ட நான் சம்மதிக்கவில்லை" என்பதைத் தேதியோடு எழுத்தில் பதிவு செய்வது அவசரம்.

உங்கள் தரப்பிலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபைபர் பானட்டும் அகல ஆர்ச்சும் நீங்களே கேட்டவை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். ஸ்பிட்ஃபயரில் முன் மட்கார்டுகள் பானட்டோடு சேர்ந்தே திறக்கும், மொத்தமாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகம். பழைய இரும்புப் பானட் கையில் இருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் போல்ட்டைக் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம். பின் ஆர்ச் அப்படி அல்ல. பாடியின் தகட்டையே வெட்டி அகலப்படுத்த வேண்டும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் பின்பக்கம் இன்னும் தொடப்படவில்லை. தயவுசெய்து அதை அப்படியே நிறுத்துங்கள். "பின் ஆர்ச் வேலை வேண்டாம், இனி பாடியில் எதையும் வெட்டக் கூடாது" என்று இன்றே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள்.

விண்டேஜ் நம்பர் கேட்டீர்கள். அதற்கான விதிகள் 2021 ஜூலையில் வந்தன, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81-ஏ முதல் 81-ஜி வரை. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டியாக இருக்க வேண்டும். உங்களுடையது தாண்டிவிட்டது. ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி ஷெல், என்ஜின் எதிலும் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. பைப் வைத்த சில்லோடு போனால், வண்டியைப் பரிசோதிக்கும் குழு ஒப்புக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அசல் அளவிலான சில் தகடுகள் இங்கிலாந்தில் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வைத்து பழைய வடிவத்துக்கே கொண்டுவந்தால், அது மாற்றம் அல்ல, பழுது நீக்கம்தான் என்று வாதிட இடமிருக்கிறது. வெட்டுவதற்கு முந்தைய போட்டோக்கள் அப்போது கைகொடுக்கும். அப்பா காலத்து ஆல்பத்தையும் தேடுங்கள்.

விண்டேஜ் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், அதன் பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி என்பதால் தாத்தா காலத்து எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம், விண்டேஜ் வண்டிகளுக்கான விஏ (VA) வரிசை எண் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்குத்தான். ஆனால் இங்கே உங்கள் ஆசை குறுக்கே வருகிறது. விண்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். வழக்கமான ஓட்டம் கூடாது. ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வீட்டுக்கு வர வேண்டும் என்றால், சாதாரணப் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே உங்களுக்குப் பொருந்தும். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். அதற்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பார். பொதுமக்களுக்கு ஆபத்தான நிலையில் உள்ள வண்டியின் பதிவை நிறுத்தி வைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 53-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் சில் சரியாகியே தீர வேண்டும்.

அந்தச் செலவை யாரிடம் வாங்குவது? சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், ஆன்லைனிலும் முடியும். எந்த ஆணையம் என்பதை வண்டியின் மதிப்பு தீர்மானிப்பதில்லை, நீங்கள் கொடுத்த கூலிதான் கணக்கு. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த பணம், பழையபடி ஆக்கும் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றோடு, வழக்கு முடியும்வரை வண்டியை மேற்கொண்டு தொடக் கூடாது, விற்கக் கூடாது, உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள். ஆணையம் இரு தரப்பையும் சமரசத்துக்கு அனுப்பவும் இடமிருக்கிறது. அப்படி அனுப்பினால் மறுக்காதீர்கள். பட்டறைக்காரருக்கும் வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது நஷ்டம்தான்.

அதற்கு முன்னால் வக்கீல் நோட்டீஸ். அதில் பழைய பானட்டையும், வெட்டி எடுத்த சில் துண்டுகளையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். துருப்பிடித்த துண்டுதானே என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே அரித்துப் போயிருந்ததா என்பதற்கு அதுதான் சாட்சி. பானட்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தால் அது கூலித் தகராறோடு முடியாது. ஒப்படைத்த பொருளை விற்றது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவில் போலீஸில் புகார் கொடுக்கலாம். உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரை அழைத்துப் போய் வெல்டிங்கைப் பார்க்க வைத்து அறிக்கை வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்றாலும், "கிடைத்தது அண்ணா" என்று ஒரு செய்தி வந்திருந்தால் போதும், அழித்துவிடாதீர்கள். அந்தப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ் வைக்க வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

பட்டறைக்குப் போகும்போது பாடியில் ரிவிட் அடித்திருக்கும் சின்னத் தகடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். FC என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் அதில் இருக்கும். உங்கள் ஆர்சியில் சேசிஸ் நம்பர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பெயிண்ட் அடிக்க ரிவிட்டை உடைத்துத் தகட்டை எங்காவது வைத்துவிடுவார்கள். அது தொலைந்தால், ஆர்டிஓ அலுவலகத்தில் எண்ணின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுக்க எதுவும் இருக்காது. வண்டியின் அடையாளமே கேள்விக்குள்ளாகிவிடும்.

ஆர்சி மாற்றத்தை இனியும் தள்ளிப் போடாதீர்கள். இறந்த 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டி வரும், கட்டிவிடுங்கள். இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் கொடுக்கும் சம்மதம் எல்லாம் வேண்டும். இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாறட்டும், ஃபைபர் பானட் இருப்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் நாளை உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கேட்கும் பணத்தை மறுக்க அது ஒரு காரணமாகிவிடும். நுகர்வோர் வழக்குக்கு ஆர்சி உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை, கூலி கொடுத்தது நீங்கள், அது போதும்.

பச்சை நிறம் தாராளமாக அடிக்கலாம், ஆர்டிஓவிடம் விண்ணப்பித்து ஆர்சியில் நிறத்தை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வண்டி கையில் கிடைத்த உற்சாகத்தில் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு மலை ஏறிவிடாதீர்கள். சில் சரியாகி, தெரிந்தவர் ஒருவர் அடியில் படுத்துப் பார்த்து நல்லது என்று சொல்லும்வரை, ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் ஏற்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.