மணி பார்த்துச் சாப்பிட வேண்டிய ஊர்

வாசகர் கேள்வி – பதில்: இந்த இதழில் மதுரை

சனிக்கிழமை காலை 6 மணிக்கு மதுரை ரயில் நிலையத்தில் இறங்குகிறோம். ஞாயிறு இரவு ரயில். நான்கு பேர். பெயர்பெற்ற கடைகளின் பட்டியல் கையில் இருக்கிறது. எந்த வரிசையில் போவது? – வாசகர், சென்னை

பட்டியலை மடித்துப் பையில் வையுங்கள். மதுரையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுது உண்டு. பொழுது தவறிப் போனால் பெயர்பெற்ற கடையிலும் ஆறிப்போனதுதான் கிடைக்கும்.

முதலில் வழி. கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் சதுரம் சதுரமாக அமைந்திருக்கின்றன. ரயில் நிலையம் மேல வெளி வீதியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கோயிலுக்குப் பதினைந்து நிமிட நடை. இந்தச் சதுரங்களுக்குள் ஆட்டோ வேண்டாம். ஒருவழிப் பாதைகளில் சுற்றி வருவதற்குள் நடந்தே போய்விடலாம்.

சனி காலை மேல மாசி வீதிப் பக்கம் இட்லி. தலைக்கு இரண்டு இட்லி, ஒரு வடை, அதோடு எழுந்துவிடுங்கள். தண்ணிச் சட்னியை மறக்காமல் கேளுங்கள். பொட்டுக்கடலைச் சட்னியை ரசம்போல நீர்க்கக் கரைத்துத் தாளித்தது அது. இட்லியைத் தொட்டுக்கொள்ள அல்ல, மூழ்கடிக்க. அடுத்து கோயில். மதியம் 12.30க்கு நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. காப்பறையில் கொடுத்து வாங்க நேரம் ஒதுக்குங்கள்.

கனமான அசைவச் சாப்பாட்டைச் சனி மதியத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஞாயிறன்று உள்ளூர்க் குடும்பங்களும் மெஸ்ஸுக்கு வந்துவிடும். 2 மணிக்கு மேல் குடல், நல்லி, ஈரல் எல்லாம் ‘தீர்ந்துருச்சு’ என்ற பதில்தான். ஒரு மணிக்கு முன் உட்காருங்கள், பிறகு அறைக்குப் போய்த் தூங்குங்கள். வெயில் நேரத்தில் தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை.

மாலை 4.30க்கு மேல சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பம். அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவை எண்ணெயில் ஊற்றிச் சுடுவது. சட்டியிலிருந்து வந்தவுடன் விளிம்பு மொறுமொறுப்பாக இருக்கும், பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். பார்சல் வாங்காதீர்கள். அங்கிருந்து கிழக்கே விளக்குத்தூண் நோக்கி நடந்தால் ஜிகர்தண்டா. வழியில் தள்ளுவண்டியில் முள்முருங்கை வடை தென்பட்டால் ஒன்றை வாங்கி நால்வரும் பிய்த்துக்கொள்ளுங்கள். முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்து, மேலே பொடி தூவித் தருவார்கள்.

இரவு 8.30க்கு மேல் சிம்மக்கல் கோனார் கடையில் கறிதோசை. தடித்த ஊத்தப்பம், அதன்மேல் அடித்த முட்டை, அதன்மேல் வற்ற வதக்கிய கறி, பிறகு திருப்பிப்போட்டு எண்ணெய். இரண்டு பேருக்கு ஒன்று போதும். கறியில் நீர் நின்றால் தோசை ஊறிக் குழைந்துவிடும். தட்டு வந்ததும் சால்னாவை மேலே ஊற்றிவிடுவோருக்கும் அதே கதிதான். சால்னா ஓரமாக இருக்கட்டும்.

ஞாயிறு காலை பருத்திப்பால், மதியம் எளிய சைவச் சாப்பாடு, மாலை பரோட்டா. புறப்படுமுன் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் பிரேமா விலாஸில் சூடான அல்வா.

மெஸ்ஸில் சாப்பாடு விலை கேட்டுத்தான் உட்கார்ந்தோம். ஆனால் பில் மூன்று மடங்காக வந்தது. ஏமாற்று வேலையா? – வாசகி, திருப்பூர்

இல்லை, அங்கே வழக்கம் அப்படி. சாப்பாட்டு விலையில் சோறும் குழம்பு வகைகளும் அடக்கம். தட்டில் வைத்துச் சுற்றிக் கொண்டுவரும் சுக்கா, கோலா உருண்டை, ஈரல், நண்டு எல்லாம் தனிக்கணக்கு. கிண்ணத்தை இலையருகே வைத்துவிட்டால் கணக்கில் ஏறிவிடும். விலை கேட்டுவிட்டு ‘வைங்க’ என்று சொல்லுங்கள். வேண்டாததை உடனே திருப்பிக் கொடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான்கு பேருக்கு ஒரு சுக்கா, ஒரு குடல், ஆறு கோலா போதும். குழம்புகளைக் கலந்து ஊற்றிக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி சோறு ஒதுக்குங்கள்.

அயிரை மீன் குழம்பு விலை அதிகம் என்கிறார்கள். அவ்வளவு கொடுத்துச் சாப்பிட்டால் வாயில் மண் நறநறத்தது. ஏன்? – வாசகர், சேலம்

சுத்தம் செய்ததில் குறை. விரல் நீளம்கூட இல்லாத அயிரையை அறுத்துக் குடல் எடுக்க முடியாது. முழுசாகத்தான் குழம்பில் போடுவார்கள். அதனால் உயிரோடு வாங்கி, உப்புக் கலந்த தண்ணீரிலோ பாலிலோ விடுவார்கள். வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிவிடும். பிறகு கல்லுப்பு போட்டு மண்சட்டியில் உரசி வழவழப்பைப் போக்க வேண்டும். செத்த மீனை வாங்கினால் கக்க வைக்க வழியே இல்லை, மண் உள்ளேயே நின்றுவிடும். விலைக்குக் காரணமும் அதுதான்: உயிரோடு கொண்டுவர வேண்டும், வேலையும் மிகுதி. முதலில் ஒரு கிண்ணம் வாங்கிப் பாருங்கள். மீன் உடையாமல் முழுசாக இருந்தால் கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியை அசைத்தே சமைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வீட்டில் ஜிகர்தண்டா செய்தால் பாதாம் பிசின் நடுவில் கல்லாக நிற்கிறது. ஒருமுறை பாலும் திரிந்தது. – வாசகி, ஈரோடு

பிசினை அப்படியே போட்டிருப்பீர்கள். நான்கு பேருக்கு 10 கிராம் எடுத்து மிளகு அளவுக்கு உடைத்து, முக்கால் லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க, எட்டு மணி நேரமாவது ஊறவிடுங்கள். பல மடங்கு உப்பும். காலையில் பட்டைத் துணுக்குகளைப் பொறுக்கி, வடிகட்டுங்கள். இதைக் கடல்பாசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைக் காய்ச்சிக் கரைத்து உறைய வைக்க வேண்டும், பிசினுக்குக் காய்ச்சல் தேவையில்லை.

பால் 1 லிட்டர், சிறு தீயில் பாதியாகச் சுண்ட வேண்டும். ஏட்டை ஓரத்திலிருந்து வழித்துப் பாலிலேயே சேருங்கள். 5 மேசைக்கரண்டி சர்க்கரையில் இரண்டைத் தனியாக உருக்கிப் பழுப்பானதும் பாலில் ஊற்றினால் கடை நிறம் கிடைக்கும். பொங்கித் தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். கரிந்துவிட்டால் கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி உருக்குங்கள்.

பால் திரிந்ததற்கு நன்னாரிதான் காரணமாக இருக்கும். புட்டிச் சர்பத்துகளில் எலுமிச்சைப் புளிப்புச் சேர்ந்திருப்பது உண்டு. சூடான பாலில் அது பட்டால் திரியும். பால் நன்றாகக் குளிர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். டம்ளரில் 2 கரண்டி பிசின், ஒன்றரைக் கரண்டி நன்னாரி, பால், மேலே ஒரு உருண்டை பால் ஐஸ்கிரீம். வெனிலா போட்டால் நன்னாரி வாசம் அடிபட்டுப்போகும்.

பருத்திப்பாலை ஊரில் செய்ய விதைக்கடையில் பருத்தி விதை வாங்கலாமா? – வாசகர், நாமக்கல்

கூடவே கூடாது. விதைப்புக்கு விற்பவை பூச்சிமருந்து, பூஞ்சணக்கொல்லி பூசியவை; நிறமேற்றிய விதை என்றால் தொடவே வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் உணவுக்கென்று கேட்டு வாங்குங்கள். 100 கிராமை இரவு ஊறவைத்து, பஞ்சு போகப் பலமுறை கழுவி, அரைத்து மூன்று முறை பால் பிழியுங்கள். 2 மேசைக்கரண்டி அரிசி மாவு கரைத்து ஊற்றி, பச்சை வாசனை முழுவதும் போகும்வரை கிண்டிக்கொண்டே கொதிக்கவிட்ட பிறகு கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலம், கடைசியில் தேங்காய்த் துருவல். கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடிக்கும். ருசி எப்படி இருக்க வேண்டும் என்பதை மதுரைத் தள்ளுவண்டியில் ஒரு டம்ளர் குடித்துத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

புரட்டாசியில்தான் விடுமுறை கிடைக்கிறது. வரலாமா? – வாசகர், வேலூர்

வரலாம். அசைவக் கடைகளில் கூட்டம் குறைந்திருக்கும், இடம் எளிதில் கிடைக்கும். ஆனால் விற்பனை குறைவதால் சில கடைகள் வகைகளைக் குறைத்துவிடும். குடலும் தலைக்கறியும் எல்லா நாளும் இருக்காது.

வயிறு கெடாமல் தப்பிக்க? – வாசகி, புதுச்சேரி

எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும் சால்னாவைவிட ஆறிய சட்னிதான் கெடுதல். இரவு கடை மூடும் நேரத்தில் தேங்காய்ச் சட்னியைத் தவிருங்கள். கறிதோசைக்கும் ஜிகர்தண்டாவுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடுங்கள். குழந்தைகளுக்குப் பரோட்டாவை இரவு பத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இட்லி அந்த நேரத்திலும் ஆவி பறக்கக் கிடைக்கும்.