பாட்டுக்கு நடுவே விளம்பரம் வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? வாசகர் கேள்வி-பதில்

பழைய இசைத்தட்டு வாங்குவது பற்றிப் பிரிட்டனில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே குழுவைப் பற்றியவை: சீக் சீக் ஸ்புட்னிக். 1986இல் திடீரென்று மேலே வந்து, 1989இல் கலைந்துபோன லண்டன் குழு. பாட்டைவிட முடியும் உடையும்தான் அதிகம் பேசப்பட்டன. சட்ட விஷயங்களில் நான் சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்தில் சில நடைமுறைகள் மாறும்.

கேள்வி (ஹாரோ வாசகர்): இணையத்தில் ஒரு ரெக்கார்டு கடையிலிருந்து இந்தக் குழுவின் ‘ஃப்ளாண்ட் இட்’ எல்பியை (பல பாட்டுகள் உள்ள பெரிய தட்டு) வாங்கினேன். பழைய தட்டுதான், நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விளம்பரம் ஓடுகிறது! யாரோ வானொலியிலிருந்து பதிவுசெய்து அச்சடித்த திருட்டுத் தட்டோ என்று சந்தேகம். கேட்டால், “அது அப்படித்தான் சார்” என்கிறார் கடைக்காரர். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மை. அந்தத் தட்டு அப்படித்தான். உங்களிடம் வந்திருப்பது சரியான சரக்கு.

குழுவைத் தொடங்கியவர் டோனி ஜேம்ஸ். அதற்கு முன் பில்லி ஐடலோடு ஜெனரேஷன் எக்ஸ் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். 1980களின் தொடக்கத்தில் புதுக் குழுவுக்கு ஆள் சேர்த்தபோது, வாசிக்கத் தெரியுமா என்பதைவிடப் பார்க்க எப்படி இருக்கிறார் என்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டது. பாடகராக வந்த மார்ட்டின் டெக்வில், கென்சிங்டன் மார்க்கெட்டில் ‘யாயா’ என்ற துணிக்கடையில் இருந்தவர். கிட்டாருக்கு நீல் எக்ஸ், டிரம்ஸுக்கு ஒருவர் போதாதென்று ரே மேஹ்யூ, கிறிஸ் கவானா என்று இரண்டு பேர், ஒலி வித்தைகளுக்கு யானா. முகத்தின் மேல் வலைக் காலுறை, அடுக்கு வைத்த பூட்ஸ், சாயம் பூசி முள்ளம்பன்றி போல நிமிர்த்திய முடி. மேடையில் அவர்களைப் பார்த்துவிட்டுப் பாட்டைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள்.

டோனி ஜேம்ஸின் மூளையில் உதித்ததுதான் இந்த விளம்பரம். பத்திரிகையில் பக்கத்தை விற்கிறார்கள், தொலைக்காட்சியில் நொடியை விற்கிறார்கள், இசைத்தட்டில் பாட்டுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை மட்டும் ஏன் சும்மா விட வேண்டும்? அதையும் விலைக்குப் போட்டார்கள். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை. லோரியாலின் ‘ஸ்டூடியோ லைன்’ முடி அலங்காரப் பொருட்கள், ‘ஐ-டி’ பத்திரிகை, லண்டனில் அனுமதியில்லாமல் ஒளிபரப்பிய ‘நெட்வொர்க் 21’ தொலைக்காட்சி ஆகியவை வந்தன. விற்காமல் போன இடங்களைக் கேலி விளம்பரங்களைத் தாங்களே தயாரித்து நிரப்பிவிட்டார்கள். நீங்கள் கேட்டதில் எது நிஜம், எது நையாண்டி என்று கண்டுபிடிப்பதே ஒரு பொழுதுபோக்கு. அந்த முடிக்கு லோரியால் காசு கொடுத்ததில் மட்டும் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆக, ‘பொருளில் குறை’ என்று சொல்லிப் பணம் கேட்க முடியாது. ஆனால் நீங்கள் கவனிக்காத இன்னொரு வழி இருக்கிறது. வியாபாரியிடமிருந்து இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கினால், பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகள் தரும் உரிமை இது. பழைய பொருளுக்கும் பொருந்தும். ரத்து செய்வதாகத் தெரிவித்த பிறகு, பொருளைத் திருப்பி அனுப்ப மேலும் 14 நாட்கள் உண்டு. முதலில் நீங்கள் கட்டிய சாதாரண அஞ்சல் கட்டணத்தையும் கடை திருப்பித் தர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். தட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டித் தேய்த்திருந்தால், அதற்கு ஒரு தொகையை அவர்கள் கழிக்கலாம்.

இதில் ஒரு பொறி: கடையில் முத்திரையிட்டு வரும் புதுத் தட்டின் உறையைப் பிரித்துவிட்டால் இந்த 14 நாள் உரிமை போய்விடும். முத்திரையிட்ட இசைப் பதிவுகளுக்குச் சட்டம் அந்த விலக்கை வைத்திருக்கிறது. உங்களுடையது பழைய, பிரித்த தட்டு என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. நேரில் கடைக்குப் போய் வாங்கியிருந்தால் மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை எதுவும் கிடையாது. கடைக்காரர் மனது வைத்தால் உண்டு.

என்னைக் கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரங்கள்தான் அந்தத் தட்டிலேயே சுவாரசியமான பகுதி.

கேள்வி (டூட்டிங் வாசகி): அண்ணா 1986இல் இங்கே மாணவராக வந்தபோது ‘லவ் மிசைல் எஃப்1-11’ பாட்டைக் கேட்டுப் பைத்தியமாக இருந்தாராம். அறுபதாவது பிறந்தநாளுக்கு அந்த எல்பியை வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

பதில்: எல்பி வேண்டாம், சிங்கிளை (ஒரு பாட்டுக்காகத் தனியாக வெளியாகும் தட்டு) வாங்குங்கள். அந்த ஆண்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது சிங்கிள்தான். எல்பியில் இருப்பது மறுபதிவு. உறையிலேயே பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் மறுபதிவு, இரண்டாம் பகுதி என்று போட்டிருக்கும், பார்த்தால் தெரியும். அண்ணா வானொலியில் கேட்டு மனதில் வைத்திருப்பது அது இல்லை. இரண்டையும் தயாரித்தவர் ஜார்ஜியோ மொரோடர்தான் என்றாலும், நாற்பது வருடம் மனதில் ஓடிய பாட்டு கொஞ்சம் மாறி வந்தாலும் காது கண்டுபிடித்துவிடும்.

பார்லஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 7 அங்குலத் தட்டைக் கேளுங்கள். 12 அங்குலத்தில் அதே பாட்டை வேறு வேறு விதமாகக் கலந்த வடிவங்கள் (மிக்ஸ்) வந்தன, ‘அல்ட்ராவயலன்ஸ்’, ‘பாங்காக்’ என்றெல்லாம் பெயர் இருக்கும். நீளமானவை, ஆடுவதற்கு நல்லவை, ஆனால் அண்ணாவின் பாட்டு அதுவல்ல. குழு கலைந்த பிறகு வந்த ‘தி ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற தொகுப்பையும் தவிருங்கள். அதில் இருப்பவை ஆரம்பகால முன்னோட்டப் பதிவுகள், தீவிர ரசிகர்களுக்கானவை. அப்புறம், அண்ணா வீட்டில் தட்டுச் சுழற்றும் கருவி இருக்கிறதா என்று அண்ணியிடம் ரகசியமாகக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம் வாசகர்): ஒரு சந்தைத் தளத்தில் ‘வி.ஜி.’ என்று போட்டிருந்தார்கள். ‘வெரி குட்’தானே என்று நம்பி வாங்கினேன். வந்த தட்டில் பொரி பொரிப்பது போல ஒரே சடசடப்பு. “பழைய பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறார்கள்.

பதில்: இரண்டு விஷயம் இதில் கலந்திருக்கிறது. முதலில் அந்த இரண்டெழுத்து.

பழைய தட்டு வியாபாரத்தில் ‘வெரி குட்’ என்பது நடுத்தரத்துக்கும் கீழே. கேட்கும்போது சத்தம் வரும், கீறல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் தாண்டாமல் ஓடும் என்று அர்த்தம். வெறும் ‘குட்’ என்றால் அதைவிட மோசம், அந்தப் பக்கமே போகாதீர்கள். வீட்டில் நிம்மதியாகக் கேட்க வேண்டுமென்றால் ‘வி.ஜி. பிளஸ்’ அல்லது அதற்கு மேல் பாருங்கள். இது ‘கோல்ட்மைன்’ என்ற அமெரிக்க முறை, டிஸ்காக்ஸ் போன்ற இசைத்தட்டு விற்பனைத் தளங்களில் இதுதான் நடைமுறை. அந்தக் கணக்கில் ‘நியர் மின்ட்’ (கிட்டத்தட்டப் புதிது) தட்டின் விலையில் ‘வி.ஜி. பிளஸ்’ ஏறத்தாழ பாதி, ‘வி.ஜி.’ கால்வாசி. பிரிட்டிஷ் விற்பனையாளர்கள் பலர் ‘ரெக்கார்டு கலெக்டர்’ பத்திரிகையின் முறையைப் பின்பற்றுகிறார்கள். அதில் ‘எக்ஸலன்ட்’ என்று ஒரு படி இருக்கும். எந்த முறை என்று கேட்காமல் எழுத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. இன்னொன்று: உறைக்கு ஒரு தரம், தட்டுக்கு ஒரு தரம் என இரண்டு எழுத்து போடுவார்கள். உறைக்குப் போட்ட நல்ல எழுத்தைத் தட்டுக்கு என்று நினைத்துவிடுகிறவர்கள் நிறைய.

ஆகவே லேசான சடசடப்பு என்றால் அவர்கள் சொன்னதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஊசி தாண்டுகிறது, ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறது, தட்டு வளைந்திருக்கிறது என்றால் கதை வேறு.

அடுத்து, “திருப்பி எடுக்க மாட்டோம்”. விற்பவர் வியாபாரி என்றால் இப்படி எழுதி வைப்பதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய பொருளுக்கும் உண்டு. வயதையும் விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். விவரித்தபடி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனிநபர் தன் பரணைக் காலிசெய்கிறார் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. விவரித்தபடி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் பொறுப்பு. அதனால்தான் தட்டை வாங்கிய அன்றே அதன் விற்பனை விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்கிறேன். பிறகு அந்தப் பக்கத்தையே காணோம் என்றால் எதை வைத்து வாதாடுவது?

முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார். பிறகு தளத்தின் பணப் பாதுகாப்புத் திட்டம். கடன் அட்டையில் 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள ஒரு பொருளை வியாபாரியிடம் நேரடியாக வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வங்கியிடமே கேட்கலாம். சந்தைத் தளமோ இடைப்பட்ட பணப் பரிமாற்றச் சேவையோ நடுவில் வந்தால் அந்த வழி சிக்கலாகிவிடும். அப்போது வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ (அட்டையில் போன பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறும் முறை) கேளுங்கள். டெபிட் அட்டைக்கும் அது உண்டு.

கேள்வி (குராய்டன் வாசகர்): “நாலு மில்லியன் பவுண்டு ஒப்பந்தக் குழுவின் முதல் அச்சு, மிக அரிது” என்று ஒருவர் ‘ஃப்ளாண்ட் இட்’டுக்கு மற்றவர்கள் கேட்கும் விலையைப் போல நான்கு மடங்கு கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த நாலு மில்லியன் கதை அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்தது. பார்லஃபோனின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ. உண்மையில் கொடுத்தது அதில் சிறு பங்குதான். கதையைப் பரப்பி விலையை ஏற்றுவதில் குழு கெட்டிக்காரர்கள். அவர்கள் போய் முப்பது வருடத்துக்கு மேலாகியும் அதே கதை இன்னொருவர் சரக்கை விற்றுக் கொடுக்கிறது.

அரிது என்பதும் பொருந்தாது. இந்த எல்பி பட்டியலில் 10ஆம் இடம் வந்தது. அத்தனை விற்ற தட்டு அறக்கட்டளைக் கடைப் பெட்டிகளில்கூடக் கிடைக்கும். பின்னால் வந்த இரண்டாவது எல்பி ‘டிரெஸ் ஃபார் எக்ஸஸ்’ இதைவிடக் குறைவாக விற்றது.

முதல் அச்சா என்று பார்க்க வேண்டுமென்றால், லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே பாட்டில்லாத வழுவழுப்பான வளையத்தை விளக்கருகே சாய்த்துப் பாருங்கள். அங்கே எண்ணும் எழுத்தும் பொறித்திருக்கும். எண்ணின் கடைசியில் 1 என்றால் பெரும்பாலும் முதல் வெட்டு, அதாவது பாட்டை அச்சுக்காக முதன்முதலில் பொறித்த மூலம். ஹேய்ஸ் ஊரில் இருந்த இ.எம்.ஐ. ஆலையில் அச்சடித்தது என்றால் ஓர் ஓரத்தில் தனியாக ஓரிரு ஆங்கில எழுத்துகள் தென்படும். ‘கிராமபோன் லிமிடெட்’ என்பதன் சுருக்கத்திலுள்ள பத்து எழுத்துகளை வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசியில் 0 என்று வைத்திருந்தார்கள். ‘ஜி’ என்றால் முதல் அச்சுவார்ப்பு (தட்டை அழுத்தி எடுக்கும் உலோக அச்சு), ‘ஆர்’ என்றால் இரண்டாவது. விற்பவரிடம் அந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள். “படம் எடுக்க வராது” என்றால் நகர்ந்துவிடுங்கள். வந்தாலும் நான்கு மடங்கு கொடுக்காதீர்கள்.

கேள்வி (நியூ மால்டன் வாசகி): டெக்வில் அணிந்த ஜாக்கெட் என்று ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. கென்சிங்டன் மார்க்கெட்டில் வாங்கியதற்கு அத்தாட்சி இருக்கிறதாம்.

பதில்: கடையில் வாங்கியதற்கு அத்தாட்சி, அவர் அணிந்ததற்கு அத்தாட்சி ஆகாது. கடைக்கு வந்த யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். அவர் அணிந்திருக்கும் பழைய படத்தில் கிழிசலோ தையலோ சாயக்கறையோ ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பொத்தான் ஒத்துப்போவது போதாது. படம் இல்லையென்றால் எண்பதுகளின் ஜாக்கெட் என்ற விலைக்கு மட்டும் கேளுங்கள். அந்த மார்க்கெட்டே 2000இல் மூடிவிட்டது, விசாரிக்க யாரையும் தேடிப் போக முடியாது.

கேள்வி (வெம்பிளி வாசகர்): மலிவான சூட்கேஸ் பிளேயர் ஒன்று வாங்கினேன். தட்டு தேய்ந்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

பதில்: நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. அப்படிப்பட்ட கருவிகளில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) இருக்கும், ஊசி ஏறக்குறைய 5 கிராம் அழுத்தத்தோடு தட்டில் உட்காரும். நல்ல கருவியில் 2 கிராம் அளவில்தான். ஒரு தடவை ஓட்டினால் தட்டு பாழாகிவிடாது, ஆனால் விருப்பமான தட்டைத் தினமும் அதில் போடாதீர்கள். அழுத்தத்தைத் திருகி மாற்றும் எதிர் எடை உள்ள கருவியாகப் பாருங்கள். 12 அங்குல சிங்கிள்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடுபவை. 33இல் போட்டுவிட்டு “குரல் பேய் மாதிரி வருகிறது” என்று கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (ஹாரோவிலிருந்து இன்னொருவர்): ஜப்பான் அச்சு வாங்கினால் வரி கட்ட வேண்டுமா?

பதில்: 135 பவுண்டு வரைக்கும் உள்ள பொருளை இணையச் சந்தைத் தளத்தில் வாங்கினால், 20 சதவீத வாட் வரியைத் தளமே விலையோடு வசூலித்துவிடும். அதற்கு மேல் போனால் பொருள் நாட்டுக்குள் வரும்போது கட்ட வேண்டும், கொண்டுவரும் அஞ்சல் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும். “அன்பளிப்பு என்று எழுதி அனுப்புகிறேன்” என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பொய்க் கணக்கு. பொட்டலம் வழியில் தொலைந்தால், அந்தப் பொய்யான மதிப்புக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.