நீங்களே எழுதிய கேள்வித்தாளால் ஐ.கியூ. அளக்க முடியுமா?

கேள்வி: கோபியில் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் கூடிப் புதிர் போடுகிறோம். ஈரோடு, திருப்பூர், கோவை ஆட்களையும் சேர்த்து இதை ஓர் உயர் ஐ.கியூ. சங்கமாக வளர்க்க ஆசைங்க. நானே 40 கேள்வி தயாரித்து 25 பேருக்கு வைத்தேன். பாதிப்பேர் 36-க்கு மேல் வாங்கிவிட்டார்கள். வந்ததும் இன்ஜினியரிங் மாணவர்கள்தான். ஆளை எப்படிங்க சேர்க்கிறது, எந்தத் தேர்வை வைக்கிறது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் கேள்வித்தாளைத் தூக்கிப் போட வேண்டாம், முன்தேர்வுக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி யாரையும் உறுப்பினர் ஆக்கிவிடாதீர்கள்.

1946-ல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய மென்சா என்ற உயர் ஐ.கியூ. சங்கம், அங்கீகரிக்கப்பட்ட தேர்வு ஒன்றில் மேல் 2 சதவீதத்துக்குள் வருகிறவரைச் சேர்த்துக்கொள்கிறது. அதாவது 50 பேரில் ஒருவர். அந்த ஒருவர் யாரென்று சொல்ல, மற்ற 49 பேர் எவ்வளவு வாங்குவார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். நீங்கள் 200 பேருக்குத் தேர்வு வைத்தாலும் மேல் 2 சதவீதம் என்பது வெறும் 4 பேர். அவர்களில் ஒருவருக்கு அன்று காய்ச்சல் என்றாலே உங்கள் எல்லைக்கோடு இடம் மாறிவிடும். அந்த 200 பேரும் ஒரே கல்லூரி என்றால் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

முன்தேர்வுத் தாளைச் சரிசெய்ய வழி உண்டு. கலவையாக 100 பேருக்கு வையுங்கள். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 பேரையும் கீழே உள்ள 27 பேரையும் தனியாக எடுங்கள். ஒரு கேள்விக்கு மேல்வரிசையில் 20 பேரும் கீழ்வரிசையில் 5 பேரும் சரியாக எழுதியிருந்தால் வித்தியாசம் 15. அதை 27-ஆல் வகுத்தால் சுமார் 0.56. அருமையான கேள்வி. 0.2-க்குக் கீழே வருவதை எடுத்துவிடுங்கள். இரண்டு வரிசையிலும் 25 பேர் சரியாக எழுதிய கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது. உங்கள் தாளில் பெரும்பாலும் அந்த ரகம்தான் இருந்திருக்கும். பத்தில் இரண்டு மூன்று பேர் மட்டுமே தாண்டும் கேள்விகள் நிறைய வேண்டும். எண் வரிசைகளில் கவனம்: 2, 4, 8 என்று கொடுத்தால் இரட்டிப்பாகப் பார்ப்பவர் 16 என்பார், 2, 4, 6 என்று கூட்டிப் போகிறவர் 14 என்பார். இரண்டும் சரி. இன்னொரு எண்ணையாவது சேர்த்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் புதிரை எடுத்தால் முன்பே பார்த்தவருக்குத்தான் லாபம்.

இறுதித் தேர்வை, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் ஒப்படையுங்கள். தரமான தேர்வுத் தாள்கள் தகுதி உள்ளவர்களுக்குத்தான் விற்கப்படும். யாரோ கொடுத்த ஜெராக்ஸ் பிரதியைத் தொடவே தொடாதீர்கள். அது சட்டவிரோதம், தாள் வெளியானால் அந்தத் தேர்வே செத்துவிடும். நம் ஊருக்கு ரேவன் படத் தேர்வு பொருந்தும். 1938-ல் வந்த இதன் பொது வடிவத்தில் 12 படங்கள் கொண்ட 5 தொகுதிகள், மொத்தம் 60. படத்தில் விடுபட்ட துண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை, ஆங்கிலம் தேவையில்லை. ஆனால் கெட்டிக்காரப் பெரியவர்கள் பலர் இதில் உச்சத்தைத் தொட்டுவிடுவார்கள். அவர்களைப் பிரித்தறிய இதன் மேம்பட்ட வடிவத்தைக் கேளுங்கள். மதிப்பெண்ணை ஐ.கியூ.வாக மாற்றும் அட்டவணை எந்த ஆண்டுடையது என்றும் கேளுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் ஏறிவந்ததைப் பல நாடுகளின் தரவுகளை வைத்து ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் காட்டினார். முப்பதாண்டுப் பழைய அட்டவணை ஒருவருக்கு 9 புள்ளி வரை சும்மா கொடுத்துவிடும்.

பழைய சான்றிதழோடு வருபவரிடம் தேர்வின் பெயரைக் கேளுங்கள். ஒவ்வொரு ஐ.கியூ. தேர்வின் அளவுகோலும் வேறு. வெக்ஸ்லரில் 130, பழைய ஸ்டான்ஃபோர்ட்-பினேயில் 132, கேட்டல் 3பி-யில் 148 எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம்தான். எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

ஆள் சேர்ப்பதுதான் பெரிய வேலை. 'மேதைகள் தேவை' என்று போஸ்டர் ஒட்டினால் தன்னை மேதை என்று நினைப்பவர் மட்டும்தான் வருவார். திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டர் துணியின் மேல் முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பி அடுக்கி, சேதாரம் குறையும்படி இடம் பிடிப்பதைப் பாருங்கள். ரேவன் தாளில் கண் செய்யும் வேலைக்கு அது வெகு தூரமில்லை. அவர் எட்டாவது மட்டும் படித்திருக்கலாம், உங்கள் போஸ்டரைப் பார்த்து ஒதுங்கியும் போகலாம். ஆகவே 'படிப்புத் தகுதி தேவையில்லை, கேள்விகள் படங்களாக இருக்கும், பெண்களும் வரலாம்' என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். நூலகம், ஐ.டி.ஐ., அரசுப் பள்ளி, லேத் பட்டறைத் தெரு, பனியன் கம்பெனி டீக்கடை என்று ஒட்டுங்கள்.

தேர்வை ஞாயிறு காலை 10 மணிக்கு வையுங்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக வருபவருக்கு வேறு தேதி கொடுங்கள். தறிச் சத்தம் கேட்காத கூடம் வேண்டும். முதலில் இரண்டு மாதிரிப் படங்களைப் போர்டில் போட்டு விளக்குங்கள்; பரீட்சை எழுதிப் பல வருஷம் ஆனவர்கள் விடைத்தாளில் தவறான கட்டத்தை நிரப்பி மதிப்பெண்ணை இழப்பது உண்டு.

எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றவரை உடனே கழிக்காதீர்கள். நல்ல தேர்விலும் ஐந்து புள்ளி முன்பின் ஆவது சகஜம். வேறொரு தேர்வில் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அதே தாளை மறுபடி கொடுத்தால் பழக்கத்திலேயே மதிப்பெண் ஏறிவிடும். முடிவை மூடிய உறையில் அவரவர் கையிலேயே கொடுங்கள். பட்டியலாக ஒட்ட வேண்டாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் சம்மதத்தைத் தேர்வுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சேர முடியாதவருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் புதிர்க் கூட்டத்தில் நாற்காலி உண்டு என்று அந்த உறையிலேயே எழுதிவிடுங்கள்.